கமலாக்ஷி டீச்சருக்கு உன்மேல் கோபமில்லை

மட்டாஞ்சேரி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் நிமிஷாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டைக்கூட அப்பா ஏறி மாற்றிவிட்டார், இனி உன் உடம்பும் அந்த ஜெர்மனிக் குளிரைத் தாங்கிக்கொண்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். கைவிரலில் வெடிப்பு என்றாயே, ஆறியதா? டூட்டி முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு, சாப்பிடாமல் தூங்காதே. உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் அக்கா கையில் கொடுத்துவிடும் பொதியில் மாங்காய் ஊறுகாயும் தேங்காய்ச் சம்மந்திப் பொடியும் மரவள்ளிக் கப்பை வறுவலும் வைத்திருக்கிறேன், அதற்கு நடுவில்தான் இந்தக் கடிதம். தினமும் ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். ஃபோனில் எனக்கு வார்த்தை வராது என்று உனக்குத் தெரியும், நீ பேச நான் ம் கொட்டுவேன், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். ஆனால் இரண்டு வாரம் முன்பு நீ கேட்டதற்கு ம் கொட்டித் தப்ப முடியவில்லை. டீச்சருக்கு என்மேல தேஷ்யமாம்மா, பாட்டை விட்டுட்டு நர்ஸா வந்துட்டேன்னு கோபமா, எப்ப கூப்பிட்டாலும் சரி சரி நன்னா இருன்னு வெச்சுடறாங்க என்று கேட்டாய், கேட்கும்போதே உன் குரல் உடைந்துபோயிற்று. நான் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. பக்கத்தில் நின்ற அப்பா என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோபம் இல்லை நிமிஷா. டீச்சருக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. நீ ஃபோனில் சொல்வதில் பாதி அவர்களுக்கு எட்டுவதில்லை, எட்டவில்லை என்று சொல்ல வெட்கம், அதற்குத்தான் அந்தச் சரி சரி. இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வில்லேஜ் ஆபீஸில் ஒருவர் வருமானச் சான்றிதழ் கேட்டு வந்தால் வேறு எதையோ எடுத்து நீட்டுகிறேன், வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்துவிடுகிறது. கோயில் உற்சவம் வந்துகொண்டிருக்கிறது, வருஷா வருஷம் போல டீச்சரின் கச்சேரி உண்டு, இந்த வருஷம் கமிட்டிக்காரர்கள் பொன்னாடையும் போடுகிறார்களாம். ஊரே உட்கார்ந்திருக்கும்போது டீச்சர் ஸ்ருதி விலகிப் பாடிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் நெஞ்சில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நீ போன பிறகும் சனிக்கிழமை சாயங்காலம் நான் டீச்சர் வீட்டுக்குப் போய் ஸ்ருதிப் பெட்டி போடுவதை நிறுத்தவில்லை. கரண்டில் ஓடும் பெட்டியை டீச்சர் இன்றைக்கும் உள்ளே சேர்க்கவில்லை, அந்த மெஷின் மூச்சு விடாது, அதோட பாடற குட்டிகளும் மூச்சு விட மறந்துடும் என்று அதே பேச்சு. புதிதாக ஸ்நேஹா என்று ஒரு சின்னப் பெண் வருகிறாள், அவளுக்கு ஸ்ருதி டீச்சரைவிட அரைக் கட்டை கூடுதல். அவள் பாடும்போது பெட்டியில் அவளுக்கான மூடிகளைத் திறப்பேன், அவள் முடித்ததும் அவற்றை அடைத்து டீச்சருக்கானதைத் திறக்க வேண்டும். அன்றைக்கு ஆபீஸ் அசதியில் மாற்ற மறந்துவிட்டேன். டீச்சர் உற்சவத்துக்கு வைத்திருக்கும் கல்யாணியை எடுத்தார்கள், தொண்டை பழகிய பழக்கத்தில் தன் கட்டையிலேயே எடுத்தார்கள், பெட்டி அரைக் கட்டை மேலே நின்று கத்துகிறது. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி எனக்குப் பல் கூசியது. இப்போது திட்டு விழும், விஜி எங்கே வெச்சிருக்கே புத்தியை என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். திட்டு விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு டீச்சர் பாடிக்கொண்டே போனார்கள், முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன, ஒரு பெண் பாவாடை நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பெட்டியில் பஞ்சமம் ஒரு துளி இறங்கினால் சமையலறையிலிருந்தே விஜி பெட்டியோட ரீடைத் துடை என்று குரல் கொடுத்த டீச்சர், நிமிஷா. நான் இருமுவது போல இருமி, குனிந்து மூடிகளை மாற்றினேன். மாற்றியதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பேசும்போது என் வாயையே பார்க்கிறார்கள். பிள்ளைகளிடம் ஒறக்கப் பாடு, இன்னும் சத்தமா ஒறக்கப் பாடு என்று சொல்வதை நான் கண்டிப்பு என்று நினைத்திருந்தேன். டீச்சர் வீட்டு டிவி சந்து முனை வரை கேட்கிறது. அடுத்த வாரம் வேண்டுமென்றே மூடியை மாற்றி வைத்துச் சோதித்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, என் கை அதற்குப் போகவில்லை. அதற்குள் செருப்பு விடும் இடத்தில் நிற்கிற அம்மாமார் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஸ்நேஹாவின் அம்மா சுபாஷிணி, டீச்சர் பண்டு மாதிரி இல்லை கேட்டோ, நாம எர்ணாகுளத்துல வேற யாரையாச்சும் பாக்கலாம், உற்சவத்துல பாடட்டும், அன்னிக்கு ஊருக்கே தெரியும் என்றாள். என்னைப் பார்த்து, விஜிச் சேச்சிக்கு எல்லாம் தெரியும், வாயைத் திறக்கமாட்டாங்க என்று சிரித்தாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, அதுதான் என்னைக் குத்தியது.

சொல்லத்தான் வேண்டும், ஆனால் நான் எப்படிச் சொல்வது? உன்னை முதல் நாள் கூட்டிக்கொண்டு போனது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னவள். கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் போகிறவரின் பெண்டாட்டி அந்தச் சந்தில் எந்த வீட்டுக்குள் போவாள்? உன்னை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெயிலில் செருப்புகளோடு நின்றேன். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்து, அங்கே என்ன காவலா நிக்கறே, எனக்குப் பெட்டி போட ஆள் இல்லை, உள்ளே வந்து போடு என்று அதட்டினார்கள். எனக்குத் தெரியாது என்றேன். மூச்சு விடத் தெரியுமோ இல்லையோ, அதே மாதிரி இழுத்து விடு, போறும் என்றார்கள். அன்றைக்கு உட்கார்ந்ததுதான். பெட்டி போட ஆள் இல்லாமல் அவர்கள் அதுவரை எப்படி வகுப்பு எடுத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை, பிற்பாடு யோசித்துப் பார்த்தபோதுதான் அந்தப் பெட்டியைப் போட அவர்களுக்கு ஒரு கையே போதும் என்று புரிந்தது. கல்யாணத்தோடு நின்றுபோன என் டிகிரியை முடிக்கச் சொல்லித் துரத்தியதும் அவர்கள்தான், உன் பாடம் முடிந்ததும் கூடத்து மூலையில் என்னை உட்கார வைத்து, ம் படி, நேக்குச் சரித்திரம் தெரியாது, நீ ஒறக்கப் படிச்சா நானும் தெரிஞ்சுக்கறேன் என்பார்கள். உன் தாத்தா ஆறுச்சாமி கைநாட்டு, அவருடைய மகள் நான் பி.ஏ., இன்றைக்கு ஆபீஸில் ஒரு நாற்காலி இருக்கிறது. நீ நர்ஸிங் போகிறேன் என்றபோது எல்லாரும் பாட்டு வீணாகிவிட்டது என்றார்கள், டீச்சர் மட்டும் உன் ஜெர்மன் பாடத்தின் ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாமல், ஸ்வரம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி தாளம் போட்டு உன்னைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். அவர்களுக்கா உன்மேல் கோபம்? இவ்வளவுக்கும் நான் ஒரு தடவைகூட நன்றி என்று வாய் திறந்து சொன்னதில்லை. முதல்முதலாக வாய் திறந்து சொல்லப் போவது இதுவா?

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு நேராகப் போனேன். டீச்சர் பின்கட்டில் ரசத்துக்குத் தக்காளி பிசைந்துகொண்டிருந்தார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை மெதுவாகச் சொன்னேன், டீச்சர் உங்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். டீச்சர் திரும்பாமல், என்னடீ முணுமுணுக்கறே, கொஞ்சம் ஒறக்கச் சொல்லேன் என்றார்கள். இன்னொரு தரம் சொன்னேன். அதுவும் எட்டவில்லை. மூன்றாவது தரம் நான் கத்த வேண்டியதாயிற்று நிமிஷா, என் வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை, பக்கத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கையில் துணியோடு நின்றுவிட்டார்கள். டீச்சர் கையைக் கழுவினார்கள், அடுப்பை அணைத்தார்கள். நாளைக்குக் கிளாஸ் இல்லைன்னு குட்டிகள்கிட்ட சொல்லிடு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் கொஞ்ச நேரம் அந்தப் பிசைந்த தக்காளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு வந்துவிட்டேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னால் அவர், இத்தனை வருஷமா வாயைத் திறக்காதவ, திறந்தா இப்படியாடீ திறப்பே என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க டீச்சரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஃபோன் அடித்தால் ஓடுவேன், தண்ணீர் லாரிக்காரனாக இருக்கும். சந்து வழியாகப் போகப் பயந்து பஜார் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன், அரிசி மூட்டை லாரிகளுக்கு நடுவில் குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு. அப்போதுதான் நீ கூப்பிட்டு டீச்சருக்குக் கோபமா என்று கேட்டாய். கோபம் என்மேல்தான் என்று எனக்குத் தோன்றியது, அதை எப்படி உன்னிடம் சொல்வது?

அதற்கு மறுநாள், ஆபீஸில் கூட்டம். அடுத்து யார் என்று தலை தூக்கினால் பெஞ்சில் சான்றிதழுக்கு வந்தவர்களோடு டீச்சர் உட்கார்ந்திருக்கிறார்கள், கஞ்சி போட்ட சேலை, கையில் குடை. முறை வரும் வரை எழுந்திருக்கவில்லை. என் மேஜைக்கு முன்னால் வந்து, ஓ, இங்கேயும் தலையைக் குனிஞ்சுண்டுதான் இருக்கியா என்றார்கள். பக்கத்து சீட் அனில் சார் பேனாவை வைத்துவிட்டார். டீச்சர், நாளைக்கு லீவு போடு, எர்ணாகுளத்துல காது டாக்டரைப் பாக்கணும், நான் தனியாப் போனா அவர் சொல்றது நேக்குக் கேக்க வேண்டாமா என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அனில் சார் டீ வாங்கிவரச் சொல்ல எழுந்து, சாயா பறையட்டே டீச்சரே என்றார், டீச்சர் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, வேண்டாம், இவளுக்கு லீவு குடுத்தாப் போறும் என்றார்கள்.

வாட்டர் மெட்ரோப் படகில் போனோம். டீச்சர் அதில் ஏறுவது அதுதான் முதல் தடவை. கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் குனிந்து, சத்தமே இல்லாத படகாக்கும், இல்லே நேக்குத்தான் கேக்கலையோ என்று கேட்டார்கள். நிஜமாகவே சத்தமில்லாத படகுதான் டீச்சர் என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, சரி நம்பறேன் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்ஃபோன் மாட்டினார்கள், சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வகுப்பில் உன் ஸ்வரம் சரியாகப் போய்ச் சேர்ந்தால் டீச்சர் ஒரு விரலைத் தூக்குவார்களே, அந்த விரல்தான். தூக்கினார்கள், தூக்கினார்கள், பிறகு விரல் மடியிலேயே கிடந்தது. சோதனை செய்கிற பெண் ஏதோ பொத்தானைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாள், டீச்சர் நல்ல பிள்ளை மாதிரி காத்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்தேன். டாக்டர் சொன்னது இதுதான், போனது திரும்பாது, இனி அதிகம் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், பேச்சுக்கு மெஷின் வைக்கலாம். வைத்துப் பார்த்தார்கள். பேசறது கேக்கறது, ஆனா இதை வெச்சுண்டு பாடினா என் குரலே தகர டப்பாவுக்குள்ளேருந்து வர மாதிரி இருக்கு என்று முகத்தைச் சுளித்தார்கள். பேசும்போது மாட்டிக்கொள்வது, பாடும்போது கழற்றிவிடுவது என்று முடிவாயிற்று. ஃபோனைக் காதருகே கொண்டுபோனால் அது கூவென்று கத்துகிறது, அதனால் ஃபோன் பேச்சு இன்னும் சரியாகவில்லை.

திரும்பி வருகிற படகில்தான் கேட்டார்கள். எப்போலேருந்து நோக்குத் தெரியும் என்று கேட்டார்கள், மூடி மாற்ற மறந்ததைச் சொன்னேன். அப்போ நான் அபஸ்வரமாப் பாடப் பாட நீ பெட்டி போட்டுண்டு கேட்டுண்டிருந்தே என்றார்கள், குரலில் கோபம் இருந்தது, அது எனக்கு நியாயமாகவே பட்டது. பிறகு, குட்டிகள் சிரிச்சாளா என்றார்கள். இல்லை டீச்சர் என்றேன். நீ வாயால இல்லைங்கறே, மூஞ்சி ஆமாங்கறது, சிரிச்சிருக்கா என்றார்கள். நான் குனிந்துகொண்டேன். டீச்சர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்கள், படகில் எல்லாரும் பார்க்கிறார்கள் நிமிஷா. பாட்டு ஸ்ருதியிலேருந்து நகர்ந்தா இந்த மூஞ்சில தெரியும் இல்லையா, உற்சவத்துல நீ என் பின்னாடி இல்லை, எதிரே உக்காந்து பெட்டி போடு, நான் கண்ணைத் திறந்துண்டு உன்னைப் பாத்துண்டே பாடறேன், சுளிச்சேன்னா சரி பண்ணிப்பேன், குனிஞ்சேன்னா நான் போச்சு என்றார்கள். நான் முடியாது டீச்சர், மேடையெல்லாம் என்னால் முடியாது என்றேன். டீச்சர் காதிலிருந்த மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நோக்கு என்ன சொல்லணுமோ சொல்லிக்கோ, நேக்குக் கேக்கலை என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

பிறகு டீச்சர் தானே வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார்கள், எனக்குக் காது மந்தம், தப்பாப் பாடினா யாரும் சிரிக்க வேண்டாம், விஜியைப் பாருங்கோ, அவ மூஞ்சில மார்க் இருக்கும் என்று. சுபாஷிணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை ஸ்நேஹா வருவாளா என்று பார்த்தேன், வந்தாள், அதற்கு அடுத்த வாரம் வருவாளா என்று தெரியாது. இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இப்போது தினமும் ஆபீஸ் விட்டதும் போகிறேன், டீச்சர் பாட நான் எதிரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டி போடுகிறேன். முதல் நாள் கழுத்து வலி வந்துவிட்டது. எது தப்பு, எது டீச்சர் வேண்டுமென்றே வளைப்பது என்று எனக்கு எப்போதும் தெரிவதில்லை, ஒரு இடத்தில் நான் வீணாகச் சுளித்து அவர்கள் சரியாக இருந்ததை மாற்றிவிட்டார்கள், அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா கண்ணாடி முன்னால் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கறாப்ல இருக்கே என்று கேலி செய்கிறார், ஆனால் உற்சவத்தன்று டூட்டி மாற்றிக் கேட்டிருக்கிறார், முன்வரிசையில் உட்காரப் போகிறாராம். நீங்க உக்காந்தா நான் குனிஞ்சுடுவேன், பின்னாடி போய் உக்காருங்க என்று சொல்லியிருக்கிறேன்.

நீ இதைப் படிக்கும்போது கச்சேரி முடிந்திருக்குமோ என்னவோ. எப்படி நடந்தாலும் நான் அந்த மேடையில் முகத்தை இறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் தெரிந்துகொள், அது முடியுமா என்று இப்போது எழுதும்போது எனக்கே தெரியாது, ஆனால் வேறு வழி வைத்துக்கொள்ளவில்லை. இனி டீச்சரை வெறும் ஃபோனில் கூப்பிடாதே, வீடியோவில் கூப்பிடு. வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற பக்கமாக உட்கார், கத்தாதே, வாயைத் திறந்து நிதானமாகப் பேசு, அவர்கள் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அழுகை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

அப்பா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார். உன் கை பட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து வீட்டுக்கு நடந்து போகட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே.

உன் அம்மா,
விஜி